பரணில் கிடக்கும் பழைய பொருளை மியூசியத்துக்குக் கொடுப்பது எப்படி?

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் ஒரு பழைய வீட்டை இடித்தால் பரணிலிருந்து ஏதாவது இறங்கும். பித்தளைப் படி, ஓலைச்சுவடிக் கட்டு, தாத்தா பட்டாளத்தில் வாங்கிய மெடல். பாதி பழைய இரும்புக் கடைக்குப் போகும், மீதி புது வீட்டுப் பரணில் ஏறிக்கொள்ளும். இதையெல்லாம் மியூசியத்துக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்பவர்களில் காலேஜ் பிள்ளைகள்தான் அதிகம். அவர்கள் கேட்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் வேலை: புளியைக் கீழே வையுங்கள்

பழைய பித்தளையைப் பார்த்ததும் நம் வீட்டுப் பெண்களுக்குக் கை சும்மா இருக்காது. புளியும் சாம்பலும் போட்டு ஒரு தேய் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்து வைப்பார்கள். மியூசியத்துக்குக் கொடுக்கிற பொருளுக்கு அதைவிடப் பெரிய கெடுதல் இல்லை.

ஒரு அளவுப் படியை எடுத்துக்கொள்ளுங்கள். விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் சின்னச் சின்னதாக முத்திரை குத்தியிருப்பது சிலவற்றில் தெரியும். அளவு சரிதான் என்று சோதித்த அதிகாரிகள் குத்தியது அது. 1956-இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்து, அடுத்த சில வருடங்களில் படியும் மரக்காலும் கடைகளை விட்டுப் போயின. அந்தப் படி எங்கே, எந்தக் காலத்தில் புழங்கியது என்று சொல்லக்கூடிய சாட்சி அந்த முத்திரைதான். தேய்க்கத் தேய்க்க அது மழுங்கும். நாணயத்துக்கும் இதே கதை. மேலே படிந்திருக்கும் நிறம் அழுக்கு மாதிரி தெரிந்தாலும் விட்டுவிடுங்கள். மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டினால் போதும்.

ஓலைச்சுவடி என்றால் கட்டை வலுக்கட்டாயமாகப் பிரிக்காதீர்கள். ஒட்டிக்கொண்ட ஓலைகளைப் பிய்த்தால் எழுத்தோடு வரும். எண்ணெய் தடவுவதையும் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள். பருத்தித் துணியில் சுற்றி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்.

பொருள் உங்களுடையதுதானா?

தாத்தா பெயரில் இருந்த சொத்து என்றால் சித்தப்பா, அத்தை எல்லோருக்கும் அதில் பாத்தியதை இருக்கலாம். வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்ட ஒரு சம்மதக் கடிதம் வாங்கி வையுங்கள். "எனக்குத் தெரியாமல் கொடுத்துவிட்டான்" என்று நாளைக்கு ஒருவர் மியூசிய வாசலில் போய் நின்றால் எல்லோருக்கும் தலைவலி.

ஊர்க் கோயிலுக்குச் சொந்தமான விளக்கோ சிலையோ மூன்று தலைமுறையாக உங்கள் வீட்டில் இருந்தாலும் அது கோயில் சொத்துதான். அதை நன்கொடையாகக் கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை.

சட்டம் எங்கே குறுக்கே வரும்?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கிணறு வெட்டும்போதோ அஸ்திவாரம் தோண்டும்போதோ காசுப் பானை கிடைத்தால் அது நன்கொடை விஷயமே இல்லை. 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் விஏஓ, தாசில்தார் வழியாகத்தான் தகவல் போகும். மறைத்தால் தண்டனை உண்டு.

வீட்டில் பரம்பரையாக இருக்கும் பொருள் என்றால் 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டம். நூறு வருடம் தாண்டிய சிலை, ஓவியம், உலோகப் பொருள் போன்றவை தொல்பொருள் ஆகும். முக்கியமான கையெழுத்துச் சுவடிகளுக்கு எழுபத்தைந்து வருடமே போதும். இவற்றில் கற்சிலை, உலோகச் சிலை மாதிரி சில வகைகளை மத்திய தொல்லியல் துறையின் பதிவு அதிகாரியிடம் பதிய வேண்டும். கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். படி, உழக்கு, மெடலுக்கெல்லாம் இதை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

சுவரில் மாட்டிய மான் கொம்பு, தந்தத்தில் செய்த சாமான் இருந்தால் முதலில் வனத்துறையிடம் கேளுங்கள். வனவிலங்குச் சட்டம் தனி.

வயல் ஓரத்தில் நடுகல் நிற்கிறதா? செங்கம், ஜவ்வாது மலைப் பக்கம் நிறைய உண்டு. டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்து தானம் செய்யாதீர்கள். அது நிற்கிற இடமும் வரலாறுதான். போட்டோ எடுத்து மாநிலத் தொல்லியல் துறைக்குத் தகவல் கொடுங்கள்.

கதையை எழுதுங்கள்

என்னைக் கேட்டால் முக்கியமான கட்டம் இதுதான். விவரம் இல்லாத பழைய சொம்பு வெறும் சொம்பு. "குடியாத்தத்தில் தறி வைத்திருந்த என் கொள்ளுத்தாத்தா பாவுக்குக் கஞ்சி போடப் பயன்படுத்தியது" என்ற ஒரு வரி சேர்ந்தால் அதற்கு ஆளும் ஊரும் தொழிலும் கிடைத்துவிடும். ஒரு பக்கம் போதும். யார் வைத்திருந்தார்கள், எந்த ஊர், எதற்குப் பயன்பட்டது, உங்களிடம் எப்படி வந்தது. தெரியாததற்குத் தெரியாது என்றே எழுதுங்கள். "ஆயிரம் வருடப் பழசு" என்று அடித்துவிட்டால் மியூசியத்தின் பொறுப்பாளரான காப்பாட்சியர் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார்.

வீட்டுப் பெரியவர்கள் பேசுவதைப் போனில் பதிவு செய்து வையுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. அப்புறம் போட்டோ: பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, எல்லாப் பக்கமும்.

யாரிடம் போவது?

வேலூரில் அரசு அருங்காட்சியகம் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. இலங்கையில் உள்ள கண்டியின் கடைசி மன்னர் விக்கிரம ராஜசிங்கன் பயன்படுத்திய தந்தச் சதுரங்கப் பலகை அங்கேதான். மன்னர் வேலூரில் கைதியாக இருந்து 1832-இல் இறந்தவர். கோட்டையைப் பராமரிப்பது மத்திய தொல்லியல் துறை, அரசு அருங்காட்சியகம் மாநில அருங்காட்சியகத் துறையைச் சேர்ந்தது. கோட்டை வாசலில் நிற்பவரிடம் பொருளைக் காட்டி விசாரித்துப் பயனில்லை.

பொருளைப் பையில் போட்டுக்கொண்டு போய் மேஜையில் வைக்காதீர்கள். காப்பாட்சியர் பெயருக்கு ஒரு கடிதம், கூடவே போட்டோவும் நீங்கள் எழுதிய பக்கமும். பார்த்துவிட்டு அவர்களே கூப்பிடட்டும். முடிவுக்கு மேலிட ஒப்புதல் தேவைப்படலாம், அதனால் தாமதமானால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வேண்டாம் என்றும் சொல்லலாம். ஏற்கெனவே அதே மாதிரி பத்து இருந்தால் பதினொன்றாவது எதற்கு? பழைய அச்சுப் புத்தகம், பத்திரிகை என்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை விசாரிக்கலாம். சுவடிக்கு அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம்.

கொடுத்த பிறகு

ஷோகேஸில் வைப்பார்களா? பெரும்பாலும் மாட்டார்கள். பல மியூசியங்களில் பாதிக்கு மேல் சேமிப்பறையில்தான் இருக்கும். திருப்பிக் கேட்கலாமா? நன்கொடை என்று எழுதிக் கொடுத்தால் கேட்க முடியாது. மனசு ஒப்பவில்லை என்றால் கொடுக்காதீர்கள், அதில் தப்பே இல்லை. டைரி, கடிதம் கொடுத்தால் தாள்தான் கைமாறும், பதிப்புரிமை தானாகப் போகாது. அதையும் கொடுக்கிறீர்களா என்பதைக் கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள்.

ப்ராஜெக்டுக்காகச் சேமிப்பறைப் பொருளைப் பார்க்க வேண்டுமா? காலேஜ் ஆபீஸிலோ மாணவர் சேவைப் பிரிவிலோ போனஃபைடு சான்றிதழ், துறைத் தலைவரிடம் ஒரு கடிதம். எந்தப் பொருள், எதற்காக என்று குறிப்பாக எழுதினால்தான் அனுமதி சுலபம்.

பொருளை ஒப்படைக்கும் நாளில் சீல் வைத்த ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். பதிவேட்டில் ஏறிய எண்ணைப் பிறகு கேட்டு அதே சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பேரப்பிள்ளை என்றைக்காவது போய்ப் பார்க்க ஆசைப்பட்டால் அந்த எண்ணைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.