ராத்திரி கேட் சாவி எங்கே இருக்கும்?

இரவு பத்தரை மணிக்கு எங்கள் வீட்டில் ஒரு சத்தம் கேட்கும். அப்பா முன்வாசல் கிரில் கேட்டில் சங்கிலியைச் சுற்றி, பூட்டை அமுக்கி, ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார். அதற்கப்புறம் சாவிக்கொத்து எங்கே போகும் என்பது அவருக்கே நிச்சயமில்லை. சில நாள் தலையணைக்கு அடியில், சில நாள் பீரோ மேல், சில நாள் கொடியில் தொங்கும் சட்டைப் பையில்.

ஒரு மே மாத ராத்திரி இன்வெர்ட்டர் பக்கத்தில் ஒயர் கருகிப் புகைந்தது. பெரிய தீ இல்லை. ஆனால் ஹால் முழுக்கப் புகை, விளக்கும் போய்விட்டது. அம்மா இருமிக்கொண்டே "சாவி எங்கேங்க, சாவி எங்கேங்க" என்கிறார். அப்பா கொடியில் துழாவுகிறார், அன்றைக்குத் துவைக்கப் போட்ட சட்டை அது. கடைசியில் சாமி அறை மாடத்தில் கொத்து அகப்பட்டது. அதில் பதினான்கு சாவி. பழைய ஸ்கூட்டர் சாவி, ஊர் வீட்டுச் சாவி, எதற்கென்றே தெரியாத இரண்டு சாவி. இருட்டில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறந்து, தெருவில் போய் நின்று மூச்சு வாங்கினோம்.

அன்றைக்குத்தான் உறைத்தது: திருடனை நினைத்துப் பூட்டிய அளவுக்கு, உள்ளே படுத்திருக்கும் ஆட்களை நாங்கள் நினைக்கவே இல்லை. நம் ஊர் வீடுகளில் நடக்கும் சாவித் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு மறதியிலிருந்து கிளைப்பவைதான்.

உள்பக்கம் பூட்டி, சாவியைத் தொலைவில் வைப்பது

இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வெளியேறும் வழியிலுள்ள கதவுகளை உள்ளிருப்பவர் சாவி இல்லாமலே திறக்க முடிய வேண்டும் என்கிறது. அலுவலகத்துக்கும் கல்யாண மண்டபத்துக்கும் இதைக் கேட்டால் சரி சரி என்று தலையாட்டுவோம். வீட்டுக்கு வந்ததும் கிரில் கேட்டில் உள்பக்கமாகப் பூட்டுத் தொங்கவிடுவோம்.

பூட்டே போடாதீர்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை, நானும் கேட்க மாட்டேன். கம்பிக்குள் கையை விட்டுக் கொண்டியை நகர்த்திவிடலாம் என்பதால்தானே பூட்டே போடுகிறோம்? இதற்கு வெல்டிங் பட்டறையில் ஒரு வழி இருக்கிறது. கொண்டியைச் சுற்றி இரும்புத் தகட்டில் பெட்டி மாதிரி அடைத்துவிட்டால் வெளியிலிருந்து கை எட்டாது, உள்ளிருந்து ஒரு இழுப்பில் திறக்கலாம். அரை நாள் வேலை. மரக் கதவுக்கு, வெளியே சாவியும் உள்ளே திருகும் குமிழும் உள்ள பூட்டுகள் கடைகளில் கிடைக்கின்றன. கதவுக்குப் பக்கத்தில் கண்ணாடியோ கை நுழையும் ஜன்னலோ இருந்தால் மட்டும் அந்தக் குமிழ் ஆபத்து.

இது இரண்டும் முடியாது, பூட்டுத்தான் என்றால், சாவிக்கு ஒரு நிரந்தர ஆணி வேண்டும். எங்கே அடிப்பது? படுக்கையிலிருந்து வாசலுக்கு ஓடும் வழியிலேயே, வாசலுக்குக் கிட்டத்தில். ஆனால் வெளியே நிற்பவரின் கண்ணுக்கும் கைக்கும் எட்டாத பக்கச் சுவரில். கைக்கு என்றால் கைக்கு மட்டும் இல்லை. ஜன்னல் வழியாகக் கம்பு விட்டு, முனையில் கம்பியை வளைத்துச் சட்டையையும் கைப்பையையும் இழுத்துவிடுகிற திருடர்களைப் பற்றிக் கேள்விப்படாத தெரு உண்டா? நாங்கள் ஒட்டடைக் குச்சியை எடுத்துக்கொண்டு போய் வெளியே நின்று, கிரில் வழியாக விட்டுச் சோதித்தோம். முதலில் யோசித்த இடத்தில் சாவி குச்சியில் அழகாக மாட்டிக்கொண்டு வந்தது. ஆணியை ஹால் சுவரின் மறுபக்கத்துக்கு மாற்றினோம்.

உயரமும் முக்கியம். வீட்டுப் பெரிய ஆம்பளையின் தலை உயரத்தில் அடிக்கிற ஆணி, எட்டு வயதுப் பிள்ளைக்கும் முதுகு வளைந்த பாட்டிக்கும் பயன்படாது. புகை மேலே ஏறும், தரைக்குப் பக்கத்தில்தான் கொஞ்சம் நல்ல காற்று மிஞ்சும். அதனால் தவழ்ந்து போகச் சொல்கிறார்கள். தவழ்ந்து போகிறவரின் கை எட்டுகிற உயரம் என்றால் மூன்றடி போதும். கைக்குழந்தை உள்ள வீட்டில் இன்னும் அரையடி ஏற்றலாம்.

பூட்டு வாங்கும்போதே இரண்டு மூன்று சாவி தருகிறார்கள். மிச்சத்தைப் பத்திரமாக வைப்பதாக நினைத்துப் பீரோ லாக்கருக்குள் போட்டு, அந்த லாக்கர் சாவியையும் ஒளித்து வைக்கிறோம். ஒன்று ஆணியில் இருக்கட்டும், இன்னொன்று படுக்கையறைக் கதவுக்கு உள்பக்கம் தொங்கட்டும்.

எல்லாச் சாவியும் ஒரே கொத்தில்

மாமியார் இடுப்பில் செருகிய கொத்துச் சாவி குடும்பத்தில் அதிகாரத்தின் அடையாளமாக இருந்த காலம் ஒன்று உண்டு. ஆபத்து நேரத்தில் அந்தக் கொத்து வெறும் சுமை. ராத்திரி கேட் சாவியைக் கொத்திலிருந்து கழற்றிவிடுங்கள். ஒற்றைச் சாவி, அதில் தடிமனான கயிறு அல்லது இரண்டு சுற்று ரப்பர் பேண்ட். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே தெரிய வேண்டும்.

விளக்கைப் போட்டுப் பார்த்தால் போயிற்று என்று தோன்றலாம். தீ விபத்தில் மின்சாரம் முதலிலேயே போகக்கூடும். இதைவிட முக்கியமான ஒன்று, கேஸ் கசிவு. ராத்திரி எழுந்ததும் சமையலறைப் பக்கம் கேஸ் வாடை அடித்தால் எந்த ஸ்விட்சையும் தொடக்கூடாது, போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ஸ்விட்சில் பறக்கும் சின்னப் பொறி போதும் பற்றிக்கொள்ள. மொபைல் டார்ச்சையும் அங்கே நின்று தட்டாதீர்கள். அப்படியானால் முழு இருட்டில்தான் சாவியை எடுத்தாக வேண்டும். சிலிண்டரில் வரும் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையில் தங்கும். ஆகவே புகைக்குத் தவழ்வது போல இதற்குத் தவழக்கூடாது, நிமிர்ந்து நடந்து, போகிற போக்கில் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியேற வேண்டும். வெளியே வந்தபின் 1906-ஐ அழைக்கலாம், அது எரிவாயுக் கசிவுக்கான எண். தீ என்றால் 101 அல்லது 112.

புகை வந்தால் வாடையிலேயே தூக்கம் கலைந்துவிடும் என்ற தைரியமும் வேண்டாம். புகையில் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அது எழுப்பாது, தூக்கத்தை மயக்கமாக்கும். ஆக, விழிப்பு வரும்போது உங்களிடம் மிச்சமிருக்கும் நேரம் குறைவு. அதைச் சாவி தேடிச் செலவழிக்க முடியாது.

உள்ளே ஆள் இருக்க, வெளியே பூட்டுவது

நைட் ஷிப்டுக்குப் போகிறவர், தூங்குகிற மனைவியை எழுப்ப வேண்டாமென்று வெளியே பூட்டிக்கொண்டு போகிறார். குழந்தை தூங்குகிறது, பால் வாங்கப் பத்து நிமிஷம்தானே என்று அம்மா வெளித் தாழ்ப்பாளைப் போடுகிறார். மறதி நோய் உள்ள பெரியவர் தெருவில் இறங்கிவிடுவார் என்று பகல் முழுக்கப் பூட்டி வைக்கிறார்கள். எதிலும் கெட்ட எண்ணம் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் போனார்கள். 28 உயிர். ஓடிவிடக்கூடாது என்பதற்காகப் போட்ட சங்கிலி அது.

வெளியே பூட்டித்தான் ஆக வேண்டும் என்றால், உள்ளே இருப்பவர் எடுக்கக்கூடிய இடத்தில் ஒரு சாவியும், அந்தச் சாவியால் உள்ளிருந்து திறக்கிற பூட்டும் வேண்டும். வெளியே தொங்கும் பூட்டில் இது நடக்காது. கதவுக்குள்ளேயே பதித்த, இருபுறமும் இயங்கும் பூட்டில் நடக்கும். மறதி உள்ளவரோ சின்னக் குழந்தையோ சாவி கிடைத்தாலும் பூட்டைத் திறக்க மாட்டார்கள். அவர்களைத் தனியே பூட்டி வைக்கவே கூடாது, பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லி உட்கார வைத்துவிட்டுப் போவதுதான் வழி.

சாவியைப் பூட்டிலேயே விட்டுவைப்பது

எளிதில் திறக்கலாம் என்று உள்பக்கத் துளையில் சாவியைச் செருகியே வைக்கிறார்கள் பலர். தீக்கு இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் தனியாக இருக்கும் பெற்றோர் வீட்டில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார், மகன் மாற்றுச் சாவியோடு ஓடி வருகிறான், உள்ளே ஏற்கெனவே சாவி இருப்பதால் வெளிச்சாவி நுழையவில்லை. நிறையப் பூட்டுகள் இப்படித்தான். மேலும் கீழும் இரண்டு தாழ்ப்பாள் போட்டிருந்தால் மாற்றுச் சாவியே வீண். உள்ளே சாவி இருந்தாலும் வெளியிலிருந்து திறக்கும் சிலிண்டர்கள் (பூட்டில் சாவி நுழையும் உருளை) உண்டு, கடையில் அதைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பெற்றோரிடம், பகலில் தாழ்ப்பாள் வேண்டாம், பூட்டு மட்டும் போதும் என்று பேசிப் பாருங்கள். என் அம்மா ஒரு தாழ்ப்பாளுக்கு மட்டும் இறங்கி வந்திருக்கிறார்.

பூந்தொட்டி, மிதியடி, மீட்டர் பெட்டி

வாசலுக்கு வெளியே சாவியை ஒளித்து வைப்பதைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. நிலைப்படியின் மேல்பக்கம், செருப்பு ஸ்டாண்டில் பழைய ஷூவுக்குள், பால் பைக்குள், துளசி மாடத்துக்குப் பின்னால். நமக்குத் தோன்றுகிற ஒளிவிடம் நம்மைப் போலவே வாழ்கிற இன்னொருவருக்கும் தோன்றும். தவிர, எதிர்வீட்டு மாடியிலிருந்து நீங்கள் தொட்டியை நகர்த்துவது தெரிகிறது.

பலருக்குத் தெரியாத ஒரு பக்கம் இதில் உண்டு. திருட்டுக்கு எடுக்கும் காப்பீட்டில் பெரும்பாலும் பலவந்தமாக நுழைந்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கும். அப்படி எழுதியிருந்தால், எதையும் உடைக்காமல் நடந்த திருட்டுக்கு இழப்பீடு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. உங்கள் தொட்டிக்கடியில் இருந்த சாவியால் உங்கள் கதவை நோகாமல் திறந்து அள்ளிக்கொண்டு போனால், உடைந்த பூட்டு என்று காட்ட ஒன்றுமிருக்காது. பாலிசித் தாளை ஒருமுறை எடுத்துப் படியுங்கள்.

மாற்றுச் சாவி மனிதரிடம் இருக்கட்டும். நம்பும் பக்கத்து வீட்டார், அதே ஊரில் இருக்கும் சித்தி, யாராவது. சாவியில் வீட்டு எண், கதவு எண் எழுதிய அட்டை தொங்க வேண்டாம், தொலைந்தால் எடுத்தவருக்கு வழிகாட்டி ஆகிவிடும். வாடகை வீட்டுக்குக் குடிபோனால் முதல் வேலையாக வீட்டுக்காரரிடம் சொல்லிப் பூட்டை மாற்றுங்கள். முன்பு குடியிருந்தவர் எத்தனை நகல் எடுத்தார் என்பது யாருக்கும் தெரியாது.

ஊருக்குப் போகும்போது வாசலில் பெரிய பூட்டாகத் தொங்கவிடுவது பெருமையான பழக்கம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடே கிடைத்தது, மாங்காய்ப் பூட்டின் அழகு வேறு எதற்கும் வராது. ஆனால் வெளியே தொங்கும் எந்தப் பூட்டும் 'வீட்டில் ஆள் இல்லை' என்ற பலகைதான். கதவுக்குள் பதித்த பூட்டு அதைச் சொல்லாது. கிளம்பும்முன் பக்கத்துக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போனால் ரோந்தில் பார்த்துக்கொள்வார்கள்.

தொங்கு பூட்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. இறுகிப் போன பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். ஒரு வாரம் வழுக்கும், பிறகு தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். பென்சில் கரியைப் பொடித்துத் துளையில் தட்டி, சாவியை நாலு தடவை போட்டு எடுத்தால் போதும். ஆபத்து நேரத்தில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்தப் பிசின் பூட்டுதான்.

டிஜிட்டல் பூட்டு வாங்கியவர்களுக்கு ஒரே ஒரு கேள்வி: அதோடு கொடுத்த இரும்புச் சாவி இப்போது எங்கே? பத்தில் ஒன்பது பேர் பூட்டு வந்த அட்டைப் பெட்டியோடு பரணில், அதாவது அதே பூட்டு பூட்டியிருக்கும் வீட்டுக்கு உள்ளே வைத்திருக்கிறார்கள் என்று பந்தயம் கட்டுவேன். பேட்டரி தீர்ந்த அன்றைக்கு அது வெளியே யாரிடமாவது இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது

ஆணி அடித்த மறுவாரம் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லிப் படுக்கையிலிருந்து நடக்கவிட்டேன். தம்பி பதினைந்து எண்ணுவதற்குள் கேட்டைத் திறந்தான். அம்மா முதல் தடவை நாற்பதுக்கு மேல், நடுவில் டீப்பாயில் இடித்துக்கொண்டார். டீப்பாய் இடம் மாறியது, அம்மா இருபத்திரண்டுக்கு வந்தார். பாட்டி நடக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, படுத்தபடியே "பெரியவளே, ஆணி உனக்கு வலப்பக்கம்" என்று அம்மாவுக்கு வழி சொன்னார்.

அடுக்குமாடியில் இருந்தால் இன்னொரு சாவியும் கணக்கில் வரும், மொட்டைமாடிக் கதவுச் சாவி. படிக்கட்டில் புகை ஏறினால் முதலில் நிரம்புவது உச்சிதான். கீழே இறங்குவதே சரி என்றாலும், இறங்க முடியாமல் மேலே ஓடியவர்கள் பூட்டிய கதவின் முன் அந்தப் புகைக்குள் நிற்க நேரும். என் அக்கா இருக்கும் குடியிருப்பில் அந்தச் சாவி சங்கச் செயலாளரிடம் இருக்கிறது. காதல் ஜோடிகள் மாடிக்கு வருகிறார்கள் என்பது அவர் சொல்லும் காரணம். உள்பக்கம் வெறும் தாழ்ப்பாள் போதுமே என்று அக்கா இரண்டு கூட்டத்தில் எழுந்து பேசிவிட்டாள். மூன்றாவது கூட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை.