அடுத்தவர் லைசென்ஸில் புத்தகம் போடுமுன்: டேபிள்டாப் ஆர்.பி.ஜி. பதிப்பாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எதிர்சேவைக்கும் அழகர் ஆற்றில் இறங்குவதற்கும் இடைப்பட்ட ஓர் இரவில் நடக்கும் அட்வென்ச்சரை, அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிப் பாத்திரங்களாக நடித்து ஆடும் ஆர்.பி.ஜி. விளையாட்டுக்கான கதையை, எழுதி முடித்துவிட்டீர்கள். படங்கள் வந்துவிட்டன. சிவகாசியில் 500 பிரதிக்கு விலையும் கேட்டாயிற்று. ஆனால் விளையாடும் விதிகள் இன்னொரு கம்பெனியுடையவை; வெளியார் புத்தகம் போட அவர்கள் ஒரு லைசென்ஸ் வைத்திருக்கிறார்கள். அதை ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும்போது, என்னென்ன தருகிறார்கள் என்ற முதல் பக்கத்தை மட்டும் படிப்பதுதான் மூலத் தவறு. அந்த லைசென்ஸ் எப்படி முடியும், யார் முடிக்கலாம், முடிந்தபின் உங்கள் கையில் என்ன மிஞ்சும் என்ற பகுதியிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.

‘நிரந்தரம்’ என்ற சொல்லை நம்பிவிடுவது

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆர்.பி.ஜி.யின் விதிகளை மற்றவர்களும் பயன்படுத்தலாம் என்று விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 2000ல் ஓ.ஜி.எல். (ஓப்பன் கேம் லைசென்ஸ்) என்ற லைசென்ஸைக் கொண்டுவந்தது. அதன் 1.0ஏ வடிவத்தில் ‘நிரந்தரமானது’ என்று இருந்தது. ‘திரும்பப் பெற முடியாதது’ என்று இல்லை. 9ஆம் பிரிவு ‘அங்கீகரிக்கப்பட்ட’ எந்தப் பதிப்பையும் பயன்படுத்தலாம் என்றது. 2023 ஜனவரியில் கசிந்த 1.1 வரைவு, பழைய பதிப்பு இனி அங்கீகரிக்கப்பட்டதல்ல என்று அறிவிக்கப் பார்த்தது இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான். இருபத்திரண்டு ஆண்டுகளாக அதை நம்பித் தொழில் செய்தவர்கள் ஆடிப்போனார்கள். எதிர்ப்புக்குப் பிறகு அதே மாதம் 27ஆம் தேதி நிறுவனம் பின்வாங்கியது. 1.0ஏ அப்படியே இருக்கும் என்றதோடு, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளான 5.1 விதித் தொகுப்பையும் கிரியேட்டிவ் காமன்ஸ் பை 4.0 என்ற திறந்த உரிமத்தில் (மூலத்தைக் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம்) வெளியிட்டது. அந்த உரிமத்தில் ‘திரும்பப் பெற முடியாதது’ என்ற சொல் இருக்கிறது.

ஆகவே லைசென்ஸில் மூன்று சொற்களைத் தனித்தனியாகத் தேடுங்கள்: நிரந்தரமா, திரும்பப் பெறக்கூடியதா, உரிமையாளர் ஒருதலையாக மாற்றலாமா. மூன்றாவதற்கு ‘ஆம்’ என்றால் முதல் இரண்டுக்கும் மதிப்பில்லை. நீங்கள் ஏற்ற நாளில் இருந்த வாசகத்தைப் பதிப்பு எண், தேதியோடு பி.டி.எஃப். ஆகச் சேமித்து, ஒரு நகலை அச்சிட்டும் கோப்பில் வையுங்கள்.

‘நாம் சின்ன ஆள், நம்மைத் தொடாது’ என்று நினைப்பது

அந்த 1.1 வரைவில் எல்லோரும் பேசியது ராயல்டியைப் பற்றி: ஆண்டு வருமானம் 7,50,000 டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 25 சதவீதம். மதுரையில் மூன்று பேர் சேர்ந்து நடத்தும் பதிப்பகம் அந்த எல்லையின் பக்கத்தில்கூடப் போகாது. ஆனால் அதே வரைவில் வேறு இரண்டு விஷயங்கள் இருந்தன. 30 நாள் அறிவிப்பில் லைசென்ஸை மாற்றலாம் அல்லது முடிக்கலாம். நீங்கள் எழுதியதை அவர்களும் ராயல்டி இல்லாமல், உலகெங்கும், என்றைக்கும் பயன்படுத்தலாம். இவற்றுக்கு வருமான எல்லை கிடையாது. 50 பிரதி விற்றவரையும் கட்டுப்படுத்தும்.

இரண்டாவதுதான் நம் ஊர்க்காரர்களுக்கு உண்மையான ஆபத்து. அழகர் கதை ஊருக்கே பொது. அதற்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் தேனூர் மண்டபத்தில் நீங்கள் நிற்கவைத்த பாத்திரம், வைகை மணலுக்கடியில் நீங்கள் கட்டிய ரகசிய அறை, அவற்றை எழுதிய விதம் எல்லாம் உங்களுடையவை. அவற்றை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்ற பிரிவில் கையெழுத்திட்டால், அந்த உலகத்தைப் பின்னாளில் நாவலாகவோ கணினி விளையாட்டாகவோ கொடுக்கும்போது ‘இது எனக்கு மட்டுமே உரியது’ என்று சொல்ல முடியாது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு வெளியார் எழுதுவதை விற்க 2016ல் தொடங்கிய டி.எம்.ஸ் கில்டு போன்ற தளங்களிலும் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே படைப்பாளிக்கு விலையில் 50 சதவீதம் கிடைக்கிறது. பதிலுக்கு, அங்கே விற்பதை வேறெங்கும் விற்கக் கூடாது.

ஓவியரிடம் வாங்காததைக் கம்பெனிக்குக் கொடுப்பது

இது அதிகம் பேசப்படுவதில்லை, ஆனால் அதிகம் நடப்பது. லைசென்ஸில் ‘இந்தப் புத்தகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் எனக்கு உரிமை இருக்கிறது’ என்று நீங்கள் உறுதி கொடுக்கிறீர்கள். படம் வரைந்த தம்பியிடம் போனில் பேசிப் பணம் அனுப்பியதோடு சரி. எழுத்தில் ஒன்றும் இல்லை. இந்தியக் காப்புரிமை (காப்பிரைட்) சட்டம் 1957ன்படி உரிமையை எழுதிக்கொடுக்க, உரிமையாளர் கையெழுத்திட்ட ஆவணம் வேண்டும். ஆவணம் இருந்தும் காலம் குறிப்பிடாவிட்டால் 19ஆம் பிரிவு அதை 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். எந்தெந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டுமே. 30ஏ பிரிவு இதே விதியை லைசென்ஸுக்கும் பொருத்துகிறது. ஆக, அப்படி ஓர் ஆவணம் இருந்தாலும் உங்கள் கையில் இருப்பது இந்தியாவுக்கான ஐந்து ஆண்டு. நீங்கள் கம்பெனிக்குத் தருவதாகச் சொன்னது உலகத்துக்கான என்றென்றும். இந்த இடைவெளியால் வரும் நஷ்டம் உங்கள் தலையில்தான் விழும். ஓவியர், மொழிபெயர்ப்பாளர், வரைபடம் போட்டவர் எல்லோரிடமும் எந்தப் படைப்பு, என்ன உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நாடுகள், எவ்வளவு தொகை என்ற ஐந்தையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாங்க முடியாவிட்டால் கம்பெனிக்குக் கொடுக்கும் வாக்குறுதியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

லைசென்ஸே தேவையா என்று பார்க்காமல் விடுவது

விளையாடும் முறை வேறு, அதை எழுதிய வாசகம் வேறு. இருபது முகப் பகடையை உருட்டி, ஓர் எண்ணைக் கூட்டி, இலக்கோடு ஒப்பிடுவது ஒரு முறை. கருத்துக்குக் காப்புரிமை இல்லை, வெளிப்பாட்டுக்கே உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் சொன்னது. அமெரிக்கச் சட்டமும் முறைகளுக்குக் காப்புரிமை தருவதில்லை. விதிகளை முழுக்க உங்கள் தமிழில், உங்கள் அட்டவணைகளோடு எழுதினால் பல நேரம் கட்டுப்பாடான லைசென்ஸ் தேவையே இல்லை. அவர்களுடைய வாக்கியத்தை வரிக்கு வரி மொழிபெயர்த்தால் கதை வேறு. அதற்கு அனுமதி வேண்டும்.

அந்த அனுமதி ஏற்கெனவே திறந்த உரிமத்தில் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். 5.1 விதித் தொகுப்பைத் தமிழாக்கி விற்கலாம். பைசா கொடுக்க வேண்டாம். அதில் தந்திருக்கும் நன்றிக் குறிப்பை அப்படியே அச்சிட்டு, மாற்றம் செய்திருப்பதையும் சொன்னால் போதும். ஐந்தாம் பதிப்போடு பொருந்தும் என்று அட்டையில் போடவும் அதிலேயே அனுமதி உண்டு; விளையாட்டின் வணிகப் பெயரையும் லோகோவையும் போட அனுமதி இல்லை. பைசோ என்ற அமெரிக்க ஆர்.பி.ஜி. நிறுவனம் முன்னெடுத்து 2023ல் வந்த ஓ.ஆர்.சி. என்ற திறந்த லைசென்ஸையும் யாரும் திரும்பப் பெற முடியாது. அதில் உங்கள் கதையுலகம் உங்களிடமே இருக்கும்; ஆனால் நீங்கள் புதிதாகச் சேர்க்கும் விதிகள் மற்றவர்களுக்கும் திறந்துவிடும். நாங்கள் இதை நியாயமான பரிமாற்றம் என்றே நினைக்கிறோம்.

சதவீதத்தைப் பார்த்து, எதன் மேல் என்று பார்க்காமல் விடுவது

450 ரூபாய்ப் புத்தகம் என்று வையுங்கள். கடைக்கழிவு 35 சதவீதம் போனால் கைக்கு வருவது 292.50. அச்சுக்கு 140 என்றால் மிச்சம் 152.50. 10 சதவீத ராயல்டி அட்டை விலை மேல் என்றால் 45 ரூபாய். மிச்சத்தில் கிட்டத்தட்ட 30 சதவீதம் போய்விடும். கைக்கு வந்த தொகை மேல் என்றால் 29.25தான்.

பழைய பாதையை அடைத்துவிடும் பிரிவு

2008ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நான்காம் பதிப்புக்காக விசர்ட்ஸ் கொண்டுவந்த ஜி.எஸ்.எல். லைசென்ஸின் முதல் வடிவம், ஒரு தொடரை அதன்கீழ் வெளியிட்டால் அதே தொடரை ஓ.ஜி.எல்.லில் விற்பதை நிறுத்தச் சொன்னது. அதை ஏற்காத பைசோ, பழைய ஓ.ஜி.எல். விதிகளை வைத்தே 2009ல் பாத்ஃபைண்டர் என்ற தன் சொந்த விளையாட்டைக் கொண்டுவந்தது. ஒரு லைசென்ஸை ஏற்பதால் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருக்கும் புத்தகம் நிற்குமா என்று பாருங்கள்.

லைசென்ஸ் முடிந்தால் கையிருப்பை விற்க எத்தனை மாதம் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். மீதிப் பிரதிகளை அழி என்று இருந்தால், தமுக்கம் புத்தகத் திருவிழாவுக்கென்று அடித்து வைத்த கட்டுகள் குப்பைக்குப் போகும். குறைந்தது 6 மாதம் கேளுங்கள். கதையையும் எண்களையும் ஒரே புத்தகமாக பைண்டு செய்யாதீர்கள். உயிரினங்களின் எண் விவரங்களை இரண்டு பாரம், அதாவது 32 பக்கத்தில், நடுவில் பின் அடித்த தனிச் சிற்றேடாகப் போடுங்கள். நாளைக்கு விதித் தொகுப்பை மாற்ற நேர்ந்தால் அந்த 32 பக்கத்தை மட்டும் திரும்ப அச்சிட்டால் போதும். கதைப் புத்தகம் அப்படியே விற்கும்.

வழக்கு எந்த ஊரில் என்ற வரியையும் படியுங்கள். மேலூர் ரோட்டில் உயர் நீதிமன்றக் கிளை இருந்தும், ஒப்பந்தம் வாஷிங்டன் மாநில நீதிமன்றம் என்று சொன்னால் நீங்கள் வக்கீல் பிடிக்க வேண்டியது அங்கேதான். அந்த வரியை மாற்ற மறுத்தால், இணையவழி நடுவர் தீர்ப்பாவது சேர்க்க முடியுமா என்று கையெழுத்துக்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அதே கோப்பில் வையுங்கள்.