வெளிநாட்டுச் சிறையிலிருந்து மருத்துவப் பணியாளரை மீட்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்ணப்பம் எழுதித் தரும்படி என்னிடம் வருகிறவர்களின் கையில் பெரும்பாலும் ஒரு பிளாஸ்ரிக் கோப்பு இருக்கும். பரந்தன் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாயின் கோப்பில் முகவருக்குக் காசு கொடுத்த பற்றுச்சீட்டும், பாராளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தின் பிரதியும், மகளின் படம் அச்சான பத்திரிகைத் துணுக்கும் இருந்தன. வளைகுடா நாடொன்றில் முதியவர் ஒருவரைப் பராமரித்துக்கொண்டிருந்த அந்த மகள், அவர் இறந்ததையடுத்துக் கைதாகி அப்போது ஐந்து மாதங்கள் கடந்திருந்தன. “எம்.பி. ஐயாட்டக் குடுத்தாச்சு, அவர் தூதரகத்தோட கதைப்பார்தானே தம்பி?” என்று அவர் கேட்டார். தூதரகத்துக்கென்று ஒரு வரிகூட எழுதப்பட்டிருக்கவில்லை. வழக்கு இலக்கமும் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அந்தத் தாயைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆள்பலமும் சட்டத்தரணிகளும் உள்ள அரசுகளே இந்த விடயத்தில் ஆண்டுக்கணக்கில் தடுமாறியிருக்கின்றன. லிபியாவின் பென்காசி நகரிலுள்ள சிறுவர் மருத்துவமனையில் 400க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே எச்.ஐ.வி. கிருமியை ஏற்றினார்கள் என்ற குற்றச்சாட்டில் ஐந்து பல்கேரியத் தாதியரும் ஒரு பலஸ்தீன மருத்துவரும் 1999இன் தொடக்கத்தில் பிடிபட்டார்கள். இரண்டு முறை மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2007 ஜூலை 24 அன்று பல்கேரியத் தலைநகர் சோபியாவில் விமானத்தை விட்டு இறங்கியபோது அவர்களுக்கு எட்டரை ஆண்டுகள் போயிருந்தன. எந்த இடத்தில் தவறு நடக்கிறது, எங்கே கதவு திறக்கிறது என்பதைக் கற்றுக்கொள்ள இதைவிட விரிவான வழக்கு எனக்குத் தெரியாது.

முதல் தவறு, கைது நடந்தவுடன் நமது தூதரகத்துக்குத் தானாகவே தகவல் போய்விடும் என்று இருந்துவிடுவது. கொன்சியூலர் உறவுகள் (வெளிநாட்டிலுள்ள தன் குடிமக்களுக்கு ஒரு நாடு தூதரகம் மூலம் செய்யும் பணிகள்) பற்றிய 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் 36ஆவது உறுப்புரை, கைதானவர் கேட்டுக்கொண்டால் தாமதமின்றி அவரது நாட்டின் அலுவலகத்துக்கு அறிவிக்கும் கடமையைக் கைதுசெய்த நாட்டின் மீது சுமத்துகிறது. கேளாமல் இருப்பவருக்கு அது பெரிதாக உதவாது. ஆகவே தொலைபேசியில் பிள்ளையின் குரல் ஒரு நிமிடம் கிடைத்தாலும் அழுது முடித்துவிடாமல், தூதரக அதிகாரியைக் கேட்கும்படியும், வாசித்து விளங்காத மொழியில் எழுதப்பட்ட எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட வேண்டும். அதே நாளில் இங்கிருந்தும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்து முறையிட்டு, வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவுக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையுடன் ஒரு பிரதியை வைத்துக்கொள்ள வேண்டும். கொழும்புக்குப் போக முடியாதவர்களுக்கு யாழ்ப்பாணத்திலும் அந்தப் பிரிவின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

கையெழுத்தைப் பற்றி அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பென்காசி வழக்கு நெடுகிலும் நின்றுபிடித்தது வாக்குமூலங்களின் மேல்தான். மின்சாரம் பாய்ச்சித் துன்புறுத்தி அவற்றைப் பெற்றார்கள் என்று தாதியர் நீதிமன்றத்தில் கூறினார்கள். அதற்காக வழக்குத் தொடரப்பட்ட அதிகாரிகள் 2005இல் விடுவிக்கப்பட்டார்கள். துன்புறுத்தல் நடந்தது உண்மையே என்று அப்போதைய லிபியத் தலைவர் கடாபியின் மகன் சைஃப் அல்-இஸ்லாம் ஒப்புக்கொண்டது 2007 ஓகஸ்டில், அதாவது எல்லோரும் வீடு திரும்பிய பிறகு. காவலில் இருப்பவரின் வாய்மொழிக்கு என்ன பெறுமதி என்பதை வன்னியில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை: முள்ளிவாய்க்கால் வரை மக்களோடு நின்ற அரசாங்க மருத்துவர்கள் 2009 மே மாதம் தடுத்து வைக்கப்பட்டு, ஜூலை 8 அன்று கொழும்பில் பத்திரிகையாளர் முன்னால் இருத்தப்பட்டபோது, தாம் முன்னர் கொடுத்த இழப்புக் கணக்குகளைத் தாமே மறுத்துப் பேசியதை நாம் பார்த்திருக்கிறோம்.

இரண்டாவது தவறு புறப்படுவதற்கு முன்னரே நடந்துவிடுகிறது. மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகப் போனபோது, அவரது கடவுச்சீட்டில் வயது கூட்டி எழுதப்பட்டிருந்தது. 2005இல் அவரது பொறுப்பில் இருந்த கைக்குழந்தை இறந்து அவர் கைதானபோது அவருக்கு 17 வயது என்பதைப் பிறப்புச் சான்றிதழ் காட்டியது, ஆனால் கையிலிருந்த கடவுச்சீட்டோ அவரைப் பெரியவராக்கியது. தமிழுக்கும் அரபுக்கும் இடையில் தகுந்த மொழிபெயர்ப்பாளர் இன்றிப் பெறப்பட்ட வாக்குமூலமும் அதனுடன் சேர்ந்துகொண்டது. 2013 ஜனவரி 9 அன்று மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. இடப்பெயர்வில் பத்திரங்கள் எல்லாவற்றையும் தொலைத்து, பின்னர் ஒவ்வொன்றாக மீளப் பெற்ற நம்முடைய குடும்பங்களில் பெயரின் எழுத்தும் பிறந்த திகதியும் பத்திரத்துக்குப் பத்திரம் வேறுபடுவது சாதாரணம். உள்ளூரில் அது ஒரு சத்தியக்கடதாசியோடு தீர்ந்துபோகும் சில்லறைப் பிரச்சினை, அந்நிய நீதிமன்றத்தில் அப்படித் தீராது. முகவர் “ரெண்டு வயசைக் கூட்டிப் போடுவம்” என்று சொல்லும்போது தலையாட்டுகிறவர்கள், பிள்ளைக்குச் சட்டம் தரக்கூடிய பாதுகாப்பு ஒன்றைத் தாங்களே கழற்றி எறிகிறார்கள்.

படித்தவர்கள் அதிகம் செய்வது மூன்றாவது தவறு: குற்றமற்றவர் என்பதை நிரூபித்துவிட்டால் போதும் என்று நம்புவது. எச்.ஐ.வி.யைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான லூக் மொன்தானியேயும் இத்தாலியப் பேராசிரியர் வித்தோரியோ கொலிட்சியும் 2003இலேயே, அந்தத் தாதியர் வேலைக்கு வருவதற்கு முன்னரே மருத்துவமனையில் தொற்று இருந்தது என்றும், சுகாதாரக் குறைபாடே காரணம் என்றும் அறிக்கை கொடுத்தார்கள். நீதிமன்றம் அதை ஒதுக்கிவிட்டு 2004 மே மாதம் மரண தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் அதை இரத்துச் செய்து மறுவிசாரணைக்கு அனுப்பிய பிறகு, 2006 நவம்பரில் நோபல் பரிசு பெற்ற 114 பேர் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். டிசம்பரில் ‘நேச்சர்’ சஞ்சிகையில் கிருமியின் மரபணுவை ஆராய்ந்த கட்டுரை வெளிவந்து அதே முடிவைச் சொன்னது. ஆனாலும் 2006 டிசம்பர் 19 அன்று மறுபடியும் மரண தண்டனையே கிடைத்தது. விஞ்ஞானம் வீணாயிற்று என்று நான் சொல்ல வரவில்லை. ஐரோப்பிய அரசுகள் தயக்கமின்றித் தாதியரின் பக்கம் நிற்பதற்கு அது தைரியம் கொடுத்தது, ஆனால் சிறைக் கதவின் திறப்பு அதனிடம் இருக்கவில்லை.

அந்தத் திறப்பு பெருமளவுக்கு நோயுற்ற பிள்ளைகளின் பெற்றோரிடம் இருந்தது. மற்றத் தவறுகள் எல்லாவற்றிலும் கனதியானது இவர்களை எதிரிகளாகப் பார்ப்பதுதான் என்பது என் எண்ணம். தம் பிள்ளைக்கு யாரோ கொடுத்த ஊசியால் மருந்தில்லா நோய் வந்தது என்று நம்பும் ஒரு தந்தையிடம் மரபணு ஆராய்ச்சியை எடுத்துக் கூறினால் அவர் என்ன செய்வார்? பிள்ளையைப் பறிகொடுத்தும் தேடியும் வாழும் நம்மவர்களுக்கு அவருடைய கோபம் விளங்காத ஒன்றல்ல. பெற்றோர் ஒரு பிள்ளைக்குப் பத்து மில்லியன் யூரோ கேட்டபோது, கொடுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பல்கேரியா மறுத்தது. அந்த மறுப்பில் நியாயமும் இருந்தது. வழி பிறந்தது, இழப்பீடு என்ற சொல்லையே ஒருபுறம் வைத்துவிட்டு, பிள்ளைகளின் சிகிச்சைக்கும் மருத்துவமனையைச் சீர்செய்வதற்கும் குடும்பங்களின் ஆதரவுக்கும் என்று பென்காசி சர்வதேச நிதியம் உருவாக்கப்பட்டபோதுதான். பிள்ளைகளில் பலர் ஐரோப்பிய மருத்துவமனைகளுக்குச் சிகிச்சைக்காகக் கொண்டுசெல்லப்பட்டார்கள். ஒரு பிள்ளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லியன் டொலர் என்ற உடன்பாட்டைக் குடும்பங்கள் ஏற்றபின், மரண தண்டனையைக் கேட்பதை அவர்கள் கைவிட்டார்கள்.

ரிசானாவின் விடயத்தில் இறந்த குழந்தையின் பெற்றோர் இறுதிவரை மன்னிக்கவில்லை. கிஸாஸ் எனப்படும், உயிருக்கு உயிர் என்ற இஸ்லாமியச் சட்டத்தில் மன்னிக்கும் உரிமை அந்தக் குடும்பத்துக்கே உரியதாகையால், மன்னரின் கருணையைக் கேட்டு எழுதும் விண்ணப்பங்களுக்கு ஓர் எல்லை இருக்கிறது. ஆகவே அந்தக் குடும்பத்திடம் யார் போவது, எந்த மொழியில் பேசுவது, அவர்கள் மதிக்கும் பெரியவர் யார் என்பவற்றைத் தூதரகத்துடன் சேர்ந்து ஆரம்பத்திலேயே தேட வேண்டும். அனுதாபம் சொல்வது குற்றத்தை ஏற்பதாகாது, ஆனால் அதை எப்படி எழுதுவது என்று அந்த நாட்டின் சட்டத்தரணியிடம் கேட்காமல் எழுதவும் கூடாது.

இதனால்தான் முகநூலில் பொங்குவதும் பதாகை பிடிப்பதும் எல்லா வேளையிலும் உதவுவதில்லை. யேமன் நாட்டவர் ஒருவரைக் கொன்ற வழக்கில் அங்கே மரண தண்டனை விதிக்கப்பட்ட கேரளத் தாதி நிமிஷா பிரியாவுக்கு 2025 ஜூலை 16 அன்று குறிக்கப்பட்டிருந்த தண்டனை கடைசி நேரத்தில் ஒத்திவைக்கப்பட்டது. ஊடகங்கள் அதைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, இறந்தவரின் சகோதரர் அந்த ஊடகங்களின் சித்திரிப்பையே காட்டிக் கோபத்தோடு மன்னிப்பை மறுத்தார். முற்றாக மௌனமாக இருப்பதும் சரியல்ல, ஏனெனில் சத்தமே இல்லாத கோப்பு மேசையின் அடிக்குப் போய்விடும். நமது சத்தம் கொழும்பின் காதில் விழட்டும், ஆனால் அங்குள்ள குடும்பத்தையோ மதத்தையோ நாட்டையோ இழிவுபடுத்தும் ஒரு சொல்லும் வெளியே போகக் கூடாது. அரபுக்கு மொழிபெயர்த்து ஒருவர் அனுப்பிவிட்டால் ஒரு வருடத்துப் பேச்சுவார்த்தை ஒரே இரவில் போய்விடும். புலம்பெயர்ந்தோரிடம் காசு சேர்ப்பவர்கள் கணக்கை எழுத்தில் வைக்காவிட்டால் வரும் சண்டையைப் பற்றி வேறு சொல்லத் தேவையில்லை.

ஒரே கதவைத் தட்டிக்கொண்டிருப்பதும் தவறு. தாதியரை அழைத்துவந்த விமானத்தில் பிரெஞ்சு ஜனாதிபதியின் மனைவி செசிலியா சார்க்கோசி இருந்தார், படங்களிலும் அவரே முன்னால் நின்றார். ஆனால் அதற்குப் பின்னால் ஐரோப்பிய ஆணையாளர் பெனிட்டா ஃபெரெரோ-வால்ட்னரின் நெடுநாள் உழைப்பும் கட்டாரின் உதவியும் இருந்தன. 2007 ஜனவரியில் பல்கேரியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது அதன் குரலுக்கு ஒரு கண்டத்தின் பாரத்தைக் கொடுத்தது. இலங்கை போன்ற சிறிய நாடும் தனியே பேசினால் கேட்கப்படாது. தொழில் வழங்கிய மருத்துவமனை, தாதியர் சங்கங்கள், தொழிலாளர் அமைப்புகள், செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு, எதேச்சையாகத் தடுத்துவைத்தலை ஆராயும் ஐ.நா. செயற்குழு என்று கதவுகள் பல இருக்கின்றன. வன்னியில் காணாமல் போனோருக்காகப் படிவம் நிரப்பிய கைகளுக்கு இந்தப் பெயர்கள் பழக்கமானவை.

தீர்ப்பு வந்தவுடன் கை கழுவிவிடுவது இன்னொன்று. லிபிய உயர் நீதிமன்றம் 2007 ஜூலை 11 அன்று மரண தண்டனையை உறுதிசெய்தபோது எல்லாம் முடிந்தது போலவே தோன்றியது. ஜூலை 17 அன்று உயர் நீதிச் சபை அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. கைதிகளை ஒப்படைப்பது பற்றிப் பல்கேரியாவுக்கும் லிபியாவுக்கும் இடையே முன்னரே இருந்த உடன்படிக்கையின் கீழ், தண்டனையைச் சொந்த நாட்டில் கழிக்கவென்று அவர்கள் அனுப்பப்பட்டார்கள். விமான நிலையத்திலேயே பல்கேரிய ஜனாதிபதி பர்வனோவ் மன்னிப்பு வழங்கினார். பலஸ்தீன மருத்துவருக்கு அந்த வழி திறந்தது, சில வாரங்களுக்கு முன் பல்கேரியா அவருக்குக் குடியுரிமை கொடுத்திருந்ததால். இலங்கையிலும் குற்றவாளிகளைக் கைமாற்றுவதற்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, ஆனால் மற்ற நாட்டுடன் உடன்படிக்கை வேண்டும், தண்டனையும் பொதுவாக இறுதியானதாக இருக்க வேண்டும். மேன்முறையீட்டைத் தொடர்வதா, கைமாற்றத்தைக் கேட்பதா என்பதைச் சட்டத்தரணியிடம் தெளிவாகக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

விடுதலையையும் வீடு திரும்புதலையும் ஒன்றென்று எண்ணுவது பற்றியும் சொல்ல வேண்டும். அதே வழக்கில் தாதியர் ஒருவரின் கணவரான பல்கேரிய மருத்துவர், நாணயக் குற்றத்துக்காக விதிக்கப்பட்ட நான்கு ஆண்டுகளைக் கழித்துவிட்டதாக 2004இல் விடப்பட்டார். நாட்டை விட்டு வெளியேற அனுமதி கிடைக்காததால், அவர் தூதரக வளவுக்குள் இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்து, மற்றவர்களோடு அதே விமானத்தில்தான் வந்து சேர்ந்தார். பரந்தன் தாய்க்கு எழுதிய விண்ணப்பத்தின் கடைசிப் பந்தியில் ஆகவே மூன்று கேள்விகளைச் சேர்த்தேன்: மகள் வேலையிடத்தை விட்டு ஓடிப்போனதாகக் கபீல் (அவரை வேலைக்கு அழைத்த பொறுப்பாளர்) முறைப்பாடு ஏதும் கொடுத்திருக்கிறாரா, வெளியேறும் அனுமதிக்கு யார் விண்ணப்பிப்பது, கடவுச்சீட்டு இப்போது யாரிடம் இருக்கிறது.