அழைப்பின் பேரில் வருபவருக்கும் எளிதான கூட்டுப்பணி மென்பொருளை வடிவமைப்பது எப்படி?

தனி ஒருவர் பயன்படுத்தும் மென்பொருள் கடினமாக இருந்தால், அவர் பொறுமையோடு அதைக் கற்றுக்கொள்வார், அல்லது அதை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடிக்கொள்வார். எதுவானாலும் பாதிப்பு அவரோடு முடிந்துவிடும். பலர் சேர்ந்து வேலை செய்யும் இணைய மென்பொருளில் நிலைமை அப்படியில்லை. எட்டுப் பேர் கொண்ட குழுவில் இருவர் மட்டும் அதைத் திறக்காமல் மின்னஞ்சலிலேயே பதில் எழுதிக்கொண்டிருந்தால், மற்ற ஆறு பேரும் ஒவ்வொரு செய்தியையும் இரண்டு இடங்களில் தேட வேண்டியதாகிறது. நாளடைவில் அவர்களும் மின்னஞ்சலுக்கே திரும்பிவிடுகிறார்கள். ஆகவே இத்தகைய மென்பொருளை வடிவமைப்பவர் முதலில் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டியவர், அதை ஆர்வத்தோடு தேர்ந்தெடுத்த குழுத்தலைவர் அல்லர். பிறர் அழைத்ததால் அரைமனத்தோடு உள்ளே வந்தவரே.

கணினி ஆய்வாளர் ஜொனாதன் குருடின் 1988ஆம் ஆண்டிலேயே இதை எடுத்துக்காட்டினார். குழுவுக்கான மென்பொருள்கள் தோற்பதற்கு அவர் கூறிய காரணங்களுள் முக்கியமானது, கூடுதல் உழைப்பைத் தருபவர் ஒருவராகவும் பயனை அடைபவர் மற்றொருவராகவும் இருப்பது. பொதுவான மின்னணு நாட்காட்டியில் எல்லோரும் தத்தம் அலுவல்களைத் தவறாமல் பதிந்தால்தான் கூட்டத்துக்கு நேரம் குறிக்க முடியும். ஆனால் அதனால் நேரடியாகப் பயன்பெறுபவர் கூட்டத்தைக் கூட்டும் மேலாளரே.

எனவே திரை எதையும் வரைவதற்கு முன், உங்கள் மென்பொருளைத் தொடப்போகும் ஒவ்வொரு வகையினரையும் ஒரு தாளில் எழுதுங்கள்: வேலையைத் தொடங்குபவர், எழுதுபவர், திருத்துபவர், ஒப்புதல் தருபவர், படிக்க மட்டும் வருபவர், பாதி வேலை முடிந்தபின் சேருபவர். ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் இந்த மென்பொருள் அவருக்குத் தரும் கூடுதல் வேலை என்ன, அன்றைக்கே அவருக்குக் கிடைக்கும் பயன் என்ன என்ற இரண்டையும் குறியுங்கள். பயன் என்ற கட்டம் யாருக்காவது காலியாக இருந்தால், அவருடைய வேலையைக் குறைப்பதே உங்கள் முதல் வடிவமைப்புப் பணி. ஒப்புதல் மட்டும் தருபவர், தமக்கு வந்த மின்னஞ்சலுக்கு அப்படியே பதில் எழுதினாலும் அது ஆவணத்தில் உரிய இடத்தில் வந்து சேர வேண்டும். அறிவிப்பு மின்னஞ்சலுக்குக் கீழே அக்கறையாக ஒரு பத்தி பதில் எழுதி அனுப்பியவரின் சொற்கள், பதில் ஏற்காத முகவரிக்குப் போய் யார் கண்ணிலும் படாமல் மறைந்ததை நான் கண்டிருக்கிறேன். அதன்பின் அவர் அந்த மென்பொருளை நம்பவே இல்லை.

இந்தத் தாளை ஊகத்தால் நிரப்பாதீர்கள். அந்தக் குழு இப்போது எப்படி வேலை செய்கிறது என்பதை அருகில் அமர்ந்து பாருங்கள். 'இறுதி', 'இறுதி-2', 'இறுதி-திருத்தியது' என்று வரிசையாக நிற்கும் கோப்புகளின் பெயர்களே அவர்களுக்கு எது தேவை என்பதைச் சொல்லிவிடும். உங்களுக்கு எப்படிப்பட்ட வசதி வேண்டும் என்று கேட்டால் மக்கள் தமக்குத் தெரிந்த மென்பொருளில் உள்ளதையே சொல்வார்கள். சென்ற வாரம் எந்த இடத்தில் வேலை தடைபட்டது என்று கேட்டால் நடந்ததைச் சொல்வார்கள்.

நுழைவாயிலைப் பொறுத்தவரை விதி எளியது: அழைப்பு இணைப்பைச் சொடுக்கியவர் முதலில் காண வேண்டியது அவருக்காகக் காத்திருக்கும் ஆவணம், பதிவுப் படிவம் அன்று. பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு கருத்து எழுதவிட்டு, கணக்குத் தொடங்கும் வேலையை அவருக்கே தேவைப்படும் நேரம் வரை தள்ளிவையுங்கள். இரகசியமான ஆவணமானால் அவர் யாரென்று உறுதிசெய்வது தவிர்க்க முடியாதது. அப்போதும் கடவுச்சொல்லை வேறிடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டுவதற்குத் தடை போடாதீர்கள். இணையத்தை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த வழிசொல்லும் இணைய உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டியின், 2023இல் வெளியான 2.2 பதிப்பு, நினைவாற்றலை மட்டுமே நம்பியிருக்கும் உள்நுழைவு முறையைத் தவிர்க்கச் சொல்கிறது.

உள்ளே வந்தவருக்கு வேறு யார் இருக்கிறார்கள், அவர்கள் எந்த இடத்தில் வேலை செய்கிறார்கள் என்பது தெரிய வேண்டும். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் கணினித் துறை முன்னோடி டக்ளஸ் எங்கல்பார்ட் நடத்திய புகழ்பெற்ற செய்முறை விளக்கத்தில், தொலைவில் இருந்த அவருடைய சக ஆய்வாளரும் அவரும் ஒரே திரையைப் பார்த்துப் பேசிக்கொண்டே வேலை செய்தார்கள். பேச்சும் பார்வையும் சேர்ந்திருந்ததால் ஒருவர் செய்வது மற்றவருக்குப் புரிந்தது. இன்று பலர் பேசாமலே சேர்ந்து எழுதுவதால், அந்தக் குறையைத் திரைதான் ஈடுசெய்ய வேண்டும். ஒவ்வொருவருடைய சுட்டிக்கும் அருகில் பெயரைக் காட்டுங்கள். நிறத்தை மட்டும் நம்பினால் நிறக்குருடு உள்ளவரால் சிலரைப் பிரித்தறிய முடியாமல் போகலாம். திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவருக்கு ஒவ்வோர் எழுத்து மாற்றத்தையும் அறிவிப்பது பெருந்தொல்லை. யார் எந்தப் பத்தியில் வேலை செய்கிறார் என்பதை அவர் கேட்கும்போது சொன்னால் போதும்.

அதே வேளையில், எல்லாவற்றையும் எல்லோருக்கும் காட்டுவதும் பிழையே. கூகுள் 2009இல் அறிமுகப்படுத்திய 'வேவ்' மென்பொருளில் ஒருவர் தட்டச்சு செய்வது எழுத்து எழுத்தாக மற்றவர் திரையில் தோன்றியது. எதிர்பார்த்த அளவு மக்கள் ஏற்காததால், 2010இலேயே அதன் மேம்பாட்டை நிறுத்துவதாக அந்நிறுவனம் அறிவித்தது. அதன் தோல்விக்கு இதுவே காரணம் என்று சொல்லிவிட முடியாது. எனினும் யோசித்து, அழித்து, மறுபடி எழுதுபவருக்குத் தனிமை வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. வரைவைத் தனியே எழுதி, தயாரானதும் வெளியிடும் வசதியைக் கட்டாயம் வையுங்கள்.

ஒரே இடத்தில் இருவர் திருத்தும்போது நேர்வதுதான் இத்துறையின் கடினமான பகுதி. 1989இல் எல்லிஸ், கிப்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த செயல் உருமாற்ற முறையும் (ஒருவரின் திருத்தத்தை மற்றவரின் திருத்தத்துக்கு ஏற்ப மாற்றிப் பொருத்துவது), 2011இல் முறைப்படுத்தப்பட்ட முரண்பாடற்ற தரவு அமைப்புகளும் (மாற்றங்கள் எந்த வரிசையில் வந்தாலும் ஒரே முடிவைத் தருபவை), எல்லோருடைய கணினியிலும் முடிவில் ஒரே உரை இருப்பதற்கு வழிசெய்கின்றன. ஆனால் அந்த உரைக்குப் பொருள் இருக்கும் என்று அவற்றால் உறுதிகூற முடியாது; ஒரே வாக்கியத்தை இருவர் இரண்டு விதமாகத் திருத்தினால் இரண்டு திருத்தங்களும் கலந்த மூன்றாவது வாக்கியம் பிறக்கக்கூடும். இதைக் கணக்கீட்டால் மட்டும் தீர்க்க முயல வேண்டாம். ஒரே பத்தியில் இருவர் கைவைக்கும்போது இருவருக்கும் அதை உடனே காட்டுவதும், இணைப்பு இல்லாதபோது செய்த மாற்றம் பின்னர் மோதினால் இரண்டு வடிவங்களையும் அருகருகே வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வதும் பயனர் புரிந்துகொள்ளும் தீர்வுகள். 'அன்டூ' கட்டளை அவரவர் செய்ததை மட்டுமே திருப்ப வேண்டும்; நான் அழுத்திய பொத்தான் இன்னொருவர் எழுதிய வரியை அழித்தால், அவருக்கு என் மீது கோபம் வரும், மென்பொருள் மீது வராது.

தட்டிய எழுத்து 0.1 விநாடிக்குள் திரையில் தோன்றினால்தான் அது உடனடியாக நிகழ்ந்ததாக மனம் உணர்கிறது. 1 விநாடியைக் கடந்தால் எண்ண ஓட்டம் அறுபடத் தொடங்குகிறது. ஆகவே மாற்றத்தை முதலில் பயனரின் கருவியிலேயே காட்டிவிட்டுப் பிறகு சர்வருக்கு அனுப்புங்கள். 'சேமிக்கப்பட்டது' என்று மட்டும் எழுதாமல், 'இந்தக் கருவியில் சேமித்தாயிற்று. இணைப்பு வந்ததும் மற்றவர்களுக்குச் சென்றுவிடும்' என்று முழுவதையும் சொல்லுங்கள்.

அனுமதிகளை அட்டவணையாக அன்றி வாக்கியமாகக் காட்டுவது நல்லது: 'இதை 14 பேர் படிக்கலாம், 3 பேர் திருத்தலாம்.' புதியவரை அழைக்கும்போது, அவருக்குப் பழைய கருத்துகளும் தெரியுமா என்பதை அனுப்புவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அறிவிப்புகள் தொடக்கத்திலேயே குறைவாக இருக்கட்டும்: பெயர் சொல்லிக் கேட்கப்பட்டதற்கு உடனடியாக ஒன்று, மற்ற எல்லாவற்றுக்கும் நாள் முடிவில் ஒன்று.

சோதனைக்கு வருவோம். ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான இடர்ப்பாடுகள் வெளிப்பட்டுவிடும் என்ற பயன்பாட்டியல் வல்லுநர் ஜேக்கப் நீல்சனின் அறிவுரை தனிநபர் மென்பொருளுக்கு நன்கு உதவுகிறது. கூட்டுப்பணிக்கு ஐந்து தனிநபர்கள் போதமாட்டார்கள். மூன்று பேர் கொண்ட சில குழுக்கள் தேவை. மூவரையும் தனித்தனி அறைகளில் அமர்த்தி, ஒருவருக்கு வேகம் குறைந்த இணைப்புள்ள கைப்பேசியைக் கொடுத்து, இருவர் ஒரே பக்கத்தை எழுதி மூன்றாமவரின் ஒப்புதலைப் பெறச் சொல்லுங்கள். ஒவ்வொரு திரைக்கும் ஒரு பார்வையாளர் வேண்டும். ஏனெனில் ஓர் அறையில் நடந்த செயலின் விளைவு மற்றோர் அறையில்தான் குழப்பமாக வெளிப்படும். அரைமணி நேரச் சோதனையில் அறிவிப்புத் தொல்லையோ ஆர்வக் குறைவோ தெரியாது என்பதால், உண்மையான வேலையோடு இரண்டு வாரம் பயன்படுத்தச் செய்வதையும் விட்டுவிடாதீர்கள்.

முடிவில் மதிப்பெண் வேண்டுமானால், ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய 10 வாக்கியங்கள் கொண்ட பயன்பாட்டு அளவுகோல் எளிதானது; அதில் நூற்றுக்கு 68ஐச் சராசரி நிலையாகக் கொள்வது வழக்கம். ஆனால் குழுவின் சராசரியை மட்டும் பார்த்து நிறைவடையாதீர்கள். இருவர் 90உம் ஒருவர் 30உம் கொடுத்திருந்தால் சராசரி 70 என்று வரும். அந்த 30ஐக் கொடுத்தவர்தான் அடுத்த வாரம் மின்னஞ்சலுக்குத் திரும்பப்போகிறவர். அவரிடம் பேசி, அவர் சொன்னவற்றுள் எழுதியதை இழக்கச் செய்த பிழைகளை முதலிலும், காட்டக் கூடாதவருக்கு ஆவணத்தைக் காட்டிவிட்ட பிழைகளை அடுத்தும், உள்ளே நுழையவிடாத தடைகளை மூன்றாவதாகவும் திருத்திவிட்டு, முன்பு வந்திராத புதிய குழுவோடு மறுபடி சோதியுங்கள். பழைய குழுவினர் இதற்குள் உங்கள் மென்பொருளின் குறைகளுக்குப் பழகியிருப்பார்கள்.