ஒருவர் வாசிக்க, மற்றவர் தொட்டுச் சொல்ல

மைக் செட் வாடகைக்கு விடுகிறீர்களா, இசைக்குழு வைத்திருக்கிறீர்களா? லொறி புறப்படும் முன் சாமான் பட்டியலை ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். மற்றவர் ஒவ்வொன்றையும் கையால் தொட்ட பிறகே "இருக்கு" என்று சொல்லட்டும். நான் விமானம் ஓட்டிய காலத்தில் விமானி அறையில் செய்ததும் இதுதான். 1935இல் அமெரிக்காவில் போயிங்கின் புதிய குண்டுவீச்சு விமானம் ஒன்று மேலெழுந்ததுமே விழுந்தது. தரையில் நிற்கும்போது வாலில் உள்ள அசையும் தகடுகள் காற்றுக்கு ஆடாமல் இருக்கப் போட்ட பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள், ஓட்டியவரோ கைதேர்ந்தவர். அதற்குப் பிறகுதான் பட்டியல் பழக்கம் வேரூன்றியது. பழகிய வேலையில் கண், இல்லாததையும் இருப்பதாகக் காட்டிவிடும். தொட்டால் அது நடக்காது. ஆடி அமாவாசைக்குத் திருக்கோவில் ஊரில் போய் இறங்கிய பிறகு ஒரு வயருக்காக மட்டக்களப்புக் கல்லடிக்குத் திரும்பி வர டீசல் யார் தருவது?

பட்டியல் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் வாசிப்பவரே தாவிவிடுவார். தனியாளாகப் போகிறவருக்கு இது பாதிதான் உதவும். கச்சேரி நடுவில் ஸ்பீக்கரில் புகை வந்தால் பட்டியலைத் தேடாதீர்கள், முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். விமானத்திலும் அப்படிப்பட்ட சில வேலைகள் மனப்பாடம்தான்.