கிரிப் மாத்துறப்ப எண்ணெய் விடாதீங்க, முக்கியமா ஆக்சிலேட்டர் பக்கம்

எங்க ஏரியா பசங்க இப்பல்லாம் வண்டிய அவங்களே கழட்டி மாட்டுறாங்க, எனக்கு அதுல ரொம்ப சந்தோஷம். ஆனா ஹேண்டில்பார் கிரிப்னு வந்துட்டா ஒவ்வொருத்தனும் அதே இடத்துலதான் சிக்கிக்கிறான், எங்க செட்டுல எல்லாரும் ஆரம்பத்துல சிக்கிக்கிட்ட அதே இடம். திருப்புளி வழுக்கி கைல குத்துறது, லீவர்ல முட்டி இடிக்கிறது எல்லாம் ஒருதடவ பட்டா தெரிஞ்சிடும், அத விடுங்க. மாட்டி முடிச்சதும் எல்லாம் சரியா இருக்குற மாதிரி தெரிஞ்சு, அப்புறம் ரோட்டுல கால வாருற தப்புகள மட்டும் சொல்றேன்.

ரெண்டு பக்கமும் ஒரே சைஸ் இல்ல

நம்மூர் வண்டிங்கள்ல பெரும்பாலும் ஹேண்டில்பார் பைப் 22 எம்எம். இடது கிரிப் நேரா அந்த பைப் மேல உக்காரும். வலது கிரிப் உக்கார்றது ஒரு பிளாஸ்டிக் டியூப் மேல, அந்த டியூப் சுத்துனாதான் கேபிள் இழுக்கும். அதனால வலது கிரிப்போட ஓட்டை ரெண்டு மூணு எம்எம் பெருசா இருக்கும். சென்னைல ஜிபி ரோட்டுலயோ புதுப்பேட்டையிலயோ வாங்குறப்ப கடையிலயே ரெண்டையும் பக்கத்துல வச்சு ஓட்டைய பாருங்க. சில வண்டிக்கு வலது கிரிப்பும் டியூபும் ஒண்ணா ஒட்டி ஒரே பீஸாதான் வரும், அத கிரிப் மட்டும் உரிக்கலாம்னு மல்லுக்கட்டாதீங்க, செட்டாவே மாத்தணும்.

எண்ணெய் விட்டு மாட்டுறது

இதப் பார்த்தாதான் எனக்கு இன்னைக்கும் எரிச்சல் வருது. போன மழைக்காலத்துல பக்கத்துத் தெரு தம்பி ஒருத்தன் வண்டிய தள்ளிக்கிட்டே வந்தான். "ண்ணா, ஆக்சிலேட்டர் முறுக்குறேன், ஆனா வண்டி இழுக்கவே மாட்டேங்குது, கேபிள் மாத்தியும் அப்படியேதான் இருக்கு"ன்னான். கேபிளுக்கும் காசு குடுத்து மாத்துற கூலியும் குடுத்துட்டு வந்திருக்கான். நான் முறுக்கிப் பார்த்தா கிரிப் மட்டும் சுத்துது, உள்ள டியூப் அசையல. சுவிட்ச் பக்கத்து ஓரத்த விரலால லேசா மடக்குனேன், உள்ளேர்ந்து எண்ணெய் மினுமினுன்னு கசிஞ்சு, விரல்ல மை மாதிரி கருப்பா ரப்பர் ஒட்டுச்சு. "என்னடா போட்டு மாட்டுன?" "துரு எடுக்குற ஸ்ப்ரேண்ணா, ரெண்டு மாசம் இருக்கும், அடிச்சதும் சர்ருனு உள்ள போயிடுச்சு."

சர்ருனு உள்ள போனது சர்ருனு சுத்தத்தானே செய்யும். டபிள்யூடி-40 மாதிரி ஸ்ப்ரேல பெரும்பகுதி ஆவியாகிப் போற சரக்கு, மீதி எண்ணெய். வெளியில அடிச்சா காஞ்ச மாதிரி தெரியும், ஆனா ரப்பருக்கும் டியூபுக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட எண்ணெய் எங்கயும் போகாது, மாசக்கணக்கா அப்படியே கிடக்கும், ரப்பரும் அத குடிச்சு ஊதி தளர்ந்துடும், அப்புறம் என்னதான் துடைச்சாலும் அந்த கிரிப் பிடிக்காது, தூக்கித்தான் போடணும். இடது பக்கம் இப்படி ஆனாலே வளைவுல கை நழுவும். வலது பக்கம்னா லாரிய ஓவர்டேக் பண்றப்ப பாதியில முறுக்கு வழுக்கும். அதவிட மோசம், கிரிப் மெல்ல உள்பக்கம் நகர்ந்து சுவிட்ச் பெட்டில உரச ஆரம்பிச்சா ஆக்சிலேட்டர விட்டாலும் திரும்பாது, வண்டி தானா இழுத்துக்கிட்டே போகும். உயிர் போற விஷயம், அதனாலதான் இவ்ளோ நீட்டி சொல்றேன்.

கழட்டுறதுக்கு ஸ்ப்ரே அடிக்கலாம், பழச தூக்கிப் போடப்போறீங்கன்னா மட்டும். அப்புறம் பைப்பையும் டியூபையும் ஸ்பிரிட் நனைச்ச துணியால, துணியில கறை வராத வரைக்கும் துடைங்க. என்னக் கேட்டா காத்துதான் பெஸ்ட். ஓரத்துல காத்தடிக்கிற கம்ப்ரசரோட முனைய நுழைச்சு அடிச்சா கிரிப் பலூன் மாதிரி உப்பும், அப்படியே திருகி இழுத்தா வந்துடும், சொட்டு எண்ணெய் தேவையில்ல. முகத்த மட்டும் நேரா வைக்காதீங்க, சில நேரம் பறந்து வரும்.

புதுச மாட்ட மெடிக்கல்ல கிடைக்குற ஸ்பிரிட் போதும். கிரிப்புக்குள்ள கொஞ்சம் ஊத்தி சுத்தி நனைச்சு, மிச்சத்த கொட்டிட்டு, நிறுத்தாம ஒரே தள்ளு. பாதியில யோசிச்சு நின்னீங்கன்னா அங்கயே பிடிச்சுக்கும். ராத்திரி முழுக்க காய விட்டு காலைல எடுங்க. பக்கத்துல பீடி சிகரெட் கூடாது. ஸ்பிரிட்டுக்கு பதிலா சானிடைசர் ஊத்துறாங்க, நிறைய சானிடைசர்ல கிளிசரின் கலந்திருக்கும், அது லேசுல காயாது, அதுவும் எண்ணெய் கதைதான்.

ஃபெவிகுயிக்

இத ஊத்தி கிரிப்ப ஒட்டாதீங்க, தண்ணி மாதிரி ஓடும். ஆக்சிலேட்டர் டியூப் முனை வழியா உள்ள இறங்கி டியூபையே பைப்போட ஒட்டிடும், அப்புறம் ஆக்சிலேட்டரே சுத்தாது. கிரிப்புக்குன்னே பசை விக்கிறாங்க, வேணும்னா அத வாங்குங்க.

பெட்ரோல்

ரப்பர ஊற வச்சுடும். வேண்டாம்.

வலது பக்கம் பிளேடு

பழைய கிரிப்ப பிளேடால கிழிச்சு எடுக்குறப்ப, இடது பக்கம் கீழ இரும்பு பைப், பெருசா ஒண்ணும் ஆகாது. வலது பக்கம் பிளாஸ்டிக். பிளேட நேரா அழுத்தாதீங்க, சாச்சுப் பிடிச்சு மேலாக்க கோடு போட்டு, ரப்பர கையால பிளந்து உரிங்க. டியூப்ல கீறல் ஆழமா விழுந்தா ஒருநாள் அங்கயே வெடிக்கும்.

ஹீட்டட் கிரிப்

உள்ள வயர் இருக்கு, வெட்டாதீங்க.

பார் எண்ட ஒட்டி மாட்டுறது

வலது கிரிப் முனைக்கும் பார் எண்ட் வெயிட்டுக்கும் (ஹேண்டில்பார் முனையில மாட்டுற கனமான துண்டு) நடுவுல ஒண்ணு ரெண்டு எம்எம் இடைவெளி கண்டிப்பா வேணும், உள்பக்கம் சுவிட்ச் பெட்டிக்கும் அதே மாதிரி. மாட்டுனதும் கிரிப்லேர்ந்து டியூபோட விளிம்பு வரைக்கும் பெயிண்ட் மார்க்கர்ல ஒரு கோடு போட்டுடுங்க, கோடு விலகுனா கிரிப் நகருதுன்னு அர்த்தம். ஃப்ரீ பிளேயும், அதாவது கேபிள் இழுக்க ஆரம்பிக்கிற வரைக்கும் கிரிப் சும்மா சுத்துற அளவையும் பாருங்க, நிறைய வண்டிக்கு 2-லேர்ந்து 6 எம்எம் வரைக்கும் சொல்லியிருப்பாங்க, உங்க வண்டி மேனுவல்ல இருக்கும். அப்புறம் இஞ்சின ஆஃப் பண்ணிட்டு ஹேண்டில இடது கோடி, நடு, வலது கோடின்னு மூணு இடத்துலயும் வச்சு முழுசா முறுக்கி விடுங்க, டக்குனு திரும்பணும். அடுத்து நியூட்ரல்ல இஞ்சின் ஓடுறப்ப ஹேண்டில ரெண்டு கோடிக்கும் திருப்பிப் பாருங்க, ரேஸ் தானா ஏறக்கூடாது. எதுல லேசா தயங்குனாலும் எங்க உரசுது, கேபிள் எங்க இழுக்குதுன்னு கண்டுபிடிச்சு சரி பண்ணாம வண்டிய தெருவுக்கு எடுக்காதீங்க.