புனைகதை எழுத்தாளரிடம் நேர்காணல் எடுப்பது எப்படி?

ஒரு புனைகதை எழுத்தாளரைச் சந்தித்து, அவருடைய கதைகளின் ஊற்று, வாசிப்பு, எழுதும் முறை ஆகியவற்றைப் பற்றிப் பேச விரும்புகிறவர் தம் கேள்வித்தாளிலிருந்து முதலில் அடித்துவிட வேண்டிய கேள்வி, "உங்களுக்குக் கதைக்கரு எங்கிருந்து கிடைக்கிறது?" என்பதாகும். கேள்வியில் தவறு எதுவும் இல்லை. ஆனால் ஓரளவு அறியப்பட்ட எந்த எழுத்தாளரும் அதற்குப் பலமுறை பதில் சொல்லியிருப்பார். சொல்லிச் சொல்லி அந்தப் பதில் வழவழப்பாகியிருக்கும். நாளடைவில் நடந்தது மறந்துபோய், சொன்னதே நினைவாக நின்றிருக்கும்.

இதை விளங்கிக்கொள்ள இரண்டு பழைய சான்றுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். மேரி ஷெல்லி 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலை 1816 கோடையில் தொடங்கினார். அதன் கரு அரைத் தூக்கத்தில் கண்ட காட்சியாகத் தமக்குத் தோன்றியதை அவர் விரிவாக எழுதியதோ பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1831 பதிப்பின் முன்னுரையில். ஃபிரான்ஸ் காஃப்கா 'தீர்ப்பு' என்ற சிறுகதையை 1912 செப்டம்பர் 22 இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியற்காலை ஆறு மணிக்கு முடித்தார். நெடுநேரம் உட்கார்ந்திருந்ததில் கால்கள் விறைத்துப்போய், அவற்றை மேசைக்கு அடியிலிருந்து இழுக்கவே சிரமப்பட்டதைக்கூட மறுநாளே நாட்குறிப்பில் பதிந்துவைத்தார். ஷெல்லியின் கூற்றைப் பொய் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அது புகழ்பெற்றுவிட்ட ஒரு நூலின் ஆசிரியர், வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருந்த கேள்விக்கு அளித்த விடை. காஃப்காவுடையது எழுதி முடித்த கையின் களைப்பு மாறுவதற்கு முன் எழுதப்பட்டது. நேர்காணல் எடுப்பவரின் வேலை, எழுத்தாளரை முன்னுரையிலிருந்து எழுப்பி அந்த மேசைக்குத் திரும்ப அழைத்துச் செல்வதுதான்.

சந்திப்புக்கு முன்

அவருடைய எல்லா நூல்களையும் படிக்க நேரமில்லாவிட்டாலும், முதல் நூலையும் கடைசி நூலையும் முழுமையாகப் படித்திருக்க வேண்டும். அவ்விரண்டுக்கும் இடையில் எது மாறியிருக்கிறது, எது மாறவே இல்லை என்பதைக் குறித்துக்கொண்டால் நான்கைந்து நல்ல கேள்விகள் தாமாகவே பிறக்கும். அடுத்ததாக, அவர் இதற்கு முன் அளித்த நேர்காணல்களைத் தேடிப் படித்து, அடிக்கடி சொல்லியிருக்கும் பதில்களை ஒரு தனித்தாளில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். அவற்றை மீண்டும் கேட்டு வாங்காமல் இருப்பது அந்தத் தாளின் முதல் பயன். இரண்டாவது பயன் அதைவிடப் பெரியது: ஒரே நிகழ்ச்சியை அவர் இரண்டு இடங்களில் இரண்டு விதமாகச் சொல்லியிருந்தால், அந்த வேறுபாட்டிலிருந்தே உரையாடலைத் தொடங்கலாம். குற்றம் கண்டுபிடிக்கும் தொனி இல்லாமல், அறிந்துகொள்ளும் ஆவலோடு கேட்டால் பெரும்பாலான எழுத்தாளர்கள் அதை விரும்பவே செய்கிறார்கள்.

சிறுகதை எழுத்தாளராக இருந்தால் இன்னொரு வேலையும் செய்யலாம். ஒரு கதை இதழில் வந்த வடிவத்தையும் தொகுப்பில் இடம்பெற்ற வடிவத்தையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நான் சந்தித்த ஒருவரின் கதையில், இதழில் இருந்த கடைசிப் பத்தி தொகுப்பில் காணாமல் போயிருந்தது. அதுவரை ஒரு மணி நேரமாக, கேட்டதற்கு உடனுக்குடன் சரளமாகப் பேசிக்கொண்டிருந்தவர், அந்த இதழின் பக்கத்தை நான் நீட்டியதும் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, ஆள்காட்டி விரலை ஒவ்வொரு வரியின் கீழும் நகர்த்தி, வாய்க்குள் முணுமுணுத்தபடி படித்தார். படித்து முடித்துவிட்டு, மகள் வீட்டுக்குத் திரும்பி வருவதாக எழுதியது தமக்காகத்தான் என்றும், கதைக்குள் இருக்கும் அந்தப் பெண் திரும்பி வரமாட்டாள் என்பது எழுதும்போதே தமக்குத் தெரியும் என்றும், அதை ஒப்புக்கொள்ள மூன்று ஆண்டுகள் ஆயின என்றும் சொன்னார். கதையின் ஊற்று எது என்று நேரடியாகக் கேட்டிருந்தால் இது வந்திருக்காது.

கதை பிறந்த இடத்தைக் கேட்பது

பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ஆகவே ஒரு குறிப்பிட்ட நூலை எடுத்துக்கொண்டு, அதில் முதன்முதலாகத் தாளில் விழுந்த வாக்கியம் எது, அது இப்போது எந்த இடத்தில் இருக்கிறது, அல்லது நீக்கப்பட்டுவிட்டதா என்று கேட்க வேண்டும். கதாபாத்திரத்துக்குப் பெயர் எப்போது கிடைத்தது, கதை தன்மையிலிருந்து படர்க்கைக்கு எப்போதாவது மாறியதா, எந்தப் பக்கத்தில் எழுத்து நின்றுபோனது, எது அதை மறுபடியும் நகர்த்தியது என்பன போன்ற கேள்விகள் எழுத்தாளரை நினைவின் சேமிப்பறைக்குள் தேட வைக்கும். தேடத் தொடங்கிவிட்டார் என்பதற்கு அடையாளம், அவர் பேச்சின் வேகம் குறைவதும் நடுநடுவே வாக்கியங்கள் முடிவு பெறாமல் நிற்பதும் ஆகும்.

கதையின் ஊற்று எப்போதும் ஒரு நிகழ்ச்சியாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் 1981இல் வெளியான நேர்காணலில், 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவலுக்கான தொனி தம் பாட்டி கதை சொன்ன விதத்திலிருந்து வந்தது என்றார். நம்ப முடியாதவற்றையும் பாட்டி முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் இயல்பாகச் சொல்வாராம். அந்த நாவலின் நிகழ்ச்சிகளைப் பற்றி மட்டும் கேட்டிருந்தால் இந்த முகம் கிடைத்திருக்காது. எனவே என்ன நடந்தது என்பதோடு, அதை யாருடைய குரலில் கேட்டீர்கள் என்பதையும் கேட்க வேண்டும். என் அனுபவத்தில் மிகக் குறைவாகக் கேட்கப்படுவதும் மிக நிறைவாகப் பதில் கிடைப்பதும் இந்தக் கேள்விக்குத்தான்.

வாசிப்பைப் பற்றி

"உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர்கள் யார்?" என்று கேட்டால் ஒரு பட்டியல் கிடைக்கும். அதில் மரியாதைக்காகச் சேர்க்கப்பட்ட பெயர்கள் இருக்கும். விட்டுவிட்டால் வருத்தப்படுவார்களே என்று சேர்க்கப்பட்ட நண்பர்களின் பெயர்களும் இருக்கும். அதற்குப் பதிலாக, இப்போது மேசையில் என்ன புத்தகம் இருக்கிறது, எத்தனையாவது பக்கத்தில் நிற்கிறது, கடைசியாகப் பாதியில் விட்ட புத்தகம் எது என்று கேட்கலாம். இளமையில் வியந்து, பிறகு கைவிட்ட எழுத்தாளர் யார், முன்பு பிடிக்காமல் இருந்து இப்போது மீண்டும் மீண்டும் படிக்கும் நூல் எது என்று கேட்பது இன்னும் நல்லது. ரசனை எப்படி வளர்ந்தது என்பது அங்கேதான் தெரியும். நாவல் எழுதிக்கொண்டிருக்கும் மாதங்களில் எதைப் படிக்காமல் ஒதுக்கிவைக்கிறார் என்பதையும் மறக்காமல் கேட்க வேண்டும். சிலர் அந்தக் காலத்தில் பிறருடைய புனைகதையைத் தொடவே மாட்டார்கள். அகராதி, பயண நூல், தாவரங்களைப் பற்றிய கையேடு என்று படித்துக்கொண்டிருப்பார்கள்.

தாக்கம் என்ற சொல்லையும் சற்றுக் கவனமாகக் கையாள வேண்டும். ஒருவர் இன்னொருவரைப் போல எழுதினால்தான் தாக்கம் என்றில்லை. காஃப்காவின் 'உருமாற்றம்' கதையின் முதல் வரியை மாணவப் பருவத்தில் படித்தபோது, இப்படியெல்லாம் எழுதலாம் என்பதே தமக்கு அதுவரை தெரியாது என்று நினைத்ததாக மார்க்கேஸ் அதே நேர்காணலில் சொல்கிறார். இருவருடைய நடைக்கும் ஒற்றுமை அதிகம் இல்லை. அந்த வரி அவருக்கு ஒரு துணிவைத்தான் கொடுத்தது. ஆகவே, "யாருடைய பாதிப்பில் எழுதுகிறீர்கள்?" என்று கேட்காமல், "எந்த நூலைப் படித்த பிறகு, உங்களால் செய்ய முடியாது என்று நினைத்திருந்த ஒன்றைச் செய்யத் துணிந்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள்.

எழுதும் பழக்கம்

இந்தப் பகுதியில்தான் வாசகர்களுக்கு ஆவல் அதிகம். தவறான செய்தி பரவுவதும் இங்கேதான் அதிகம். "வழக்கமாக எப்போது எழுதுவீர்கள்?" என்று கேட்டால், எழுத்தாளர் தாம் இருக்க விரும்பும் நிலையைச் சொல்வார். "நேற்று எத்தனை மணிக்கு உட்கார்ந்தீர்கள்? எழும்போது தாளில் என்ன இருந்தது?" என்று கேட்டால் இருக்கும் நிலையைச் சொல்வார். நேற்று எழுதவே இல்லை என்றால் அதுவும் ஒரு செய்திதான். என்ன செய்துகொண்டிருந்தார் என்று தொடர்ந்து கேட்கலாம்.

பழக்கத்தைப் பதியும்போது, அதற்கு அவர் சொல்லும் நிபந்தனையையும் விடாமல் பதிய வேண்டும். ஜப்பானிய நாவலாசிரியர் ஹருகி முரகாமி அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து ஐந்தாறு மணி நேரம் எழுதுகிறார், பிற்பகலில் பத்து கிலோமீட்டர் ஓடுகிறார் அல்லது ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் நீந்துகிறார் என்ற செய்தி எங்கும் பரவியிருக்கிறது. ஆனால் 2004இல் வெளியான நேர்காணலில் அவர் அதை நாவல் எழுதும் காலத்துக்கு உரியதாகத்தான் சொன்னார். அந்த ஒரு தொடரை விட்டுவிட்டால், ஆண்டு முழுவதும் அப்படி வாழ முடியாத இளம் எழுத்தாளர் ஒருவர் தம்மீது நம்பிக்கை இழக்கக்கூடும்.

அதேபோல, கண்ணைப் பறிக்கும் எண்ணிக்கையோடு நின்றுவிடவும் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி ட்ராலப் கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதியதை, அவர் மறைந்த பின் 1883இல் வெளியான தன்வரலாற்றிலிருந்து எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அதே பக்கத்தில், முந்தைய நாள் எழுதியதைப் படித்துப் பார்ப்பதற்கே முதல் அரை மணி நேரத்தைச் செலவிட்டதாகவும், சொற்களின் ஓசையைக் காதால் எடைபோட்டதாகவும் அவர் எழுதியிருக்கிறார். எழுதப் பழகுகிறவருக்கு 250 என்ற எண்ணைவிட அந்த அரை மணி நேரம்தான் பயன்படும்.

துணைக்கேள்வியும் மௌனமும்

நேர்காணலின் தரத்தைத் தீர்மானிப்பது தாளில் எழுதிக்கொண்டு போன கேள்வியைவிட, பதிலைக் கேட்டவுடன் எழும் துணைக்கேள்விதான். 1958இல் 'தி பாரிஸ் ரிவ்யூ' இதழில் வெளியான நேர்காணலில் எர்னஸ்ட் ஹெமிங்வே, 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' நாவலின் கடைசிப் பக்கத்தை 39 முறை திருத்தி எழுதியதாகச் சொன்னார். பேட்டி கண்ட ஜார்ஜ் பிளிம்ப்டன் வியந்து பாராட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கலாம். அவரோ, அங்கே உங்களைத் தடுத்து நிறுத்திய சிக்கல் என்ன என்று கேட்டார். சொற்களைச் சரியாக அமைப்பதுதான் என்ற, பிற்காலத்தில் மிகவும் புகழ்பெற்ற பதில் அந்தத் துணைக்கேள்வியால் வந்தது. 2012இல் அந்த நாவலின் புதிய பதிப்பு வெளிவந்தபோது, கதையை முடிக்க அவர் எழுதிப் பார்த்த 47 முடிவுகள் கையெழுத்துப் படிகளிலிருந்து அதில் சேர்க்கப்பட்டன. நினைவு சொல்லும் எண்ணும் தாள் சொல்லும் எண்ணும் இவ்வளவு விலகியிருக்க முடியும் என்பதால், எழுத்தாளர் இசைந்தால் கைப்பிரதியின் ஒரு பக்கத்தையாவது உடன் வைத்துக்கொண்டு பேசுவது நல்லது. அடித்துத் திருத்திய ஒரு வரியைச் சுட்டிக்காட்டி, "இந்தச் சொல் ஏன் போனது?" என்று கேட்பதற்கு ஈடான கேள்வி வேறு இல்லை.

கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கப் பழக வேண்டும். தொடக்க காலத்தில், எதிரே இருப்பவர் பத்து வினாடி பேசாமல் இருந்தாலே எனக்குப் பதற்றம் வந்துவிடும். அதனால் கேள்வியை விளக்குவேன், இதுவா அதுவா என்று இரண்டு விடைகளை நானே எடுத்துக் கொடுப்பேன். வீட்டுக்கு வந்து ஒலிப்பதிவைக் கேட்டபோது, அன்று கிடைத்த பதில்களில் பாதி என்னுடையவை என்பதும், அவர் அவற்றுக்கு மரியாதைக்காகத் தலையாட்டியிருக்கிறார் என்பதும் புரிந்து வருந்தினேன். இப்போதெல்லாம் கேள்வி முடிந்ததும் பேனாவைத் தாளின்மேல் வைத்துவிட்டு, கைகளைக் கோத்துக்கொள்கிறேன்.

பல எழுத்தாளர்களை ஒரே அமர்வில் பேசவைக்கும்போது, எல்லோரிடமும் ஒரே கேள்வியை வரிசையாகக் கேட்பதைத் தவிர்க்கலாம். ஒருவர் எழுதிய பக்கத்தைப் பற்றி மற்றவரிடம் கேட்டால் அவர்களுக்குள்ளேயே பேச்சு மூண்டுவிடும். நெறியாளர் நேரத்தைப் பார்த்துக்கொண்டால் போதும்.

எழுத்தாக்கும்போது

ஒலிப்பதிவைக் கேட்டு எழுதும் வேலையைப் பிறரிடம் ஒப்படைக்காமல் நேர்காணல் எடுத்தவரே செய்வது நல்லது. ஒரு மணி நேரப் பேச்சை எழுத நான்கைந்து மணி நேரம் ஆகலாம். ஆனால் எந்த இடத்தில் எழுத்தாளர் தயங்கினார், எங்கே குரல் தாழ்ந்தது என்பது நேரில் கேட்டவரின் காதுக்கு மட்டுமே தெரியும். கூறியது கூறலை நீக்கலாம். பாதியில் நின்ற வாக்கியங்களை நிறைவு செய்யலாம். ஆனால் ஒரு கேள்விக்குச் சொன்ன பதிலை இன்னொரு கேள்வியின் கீழ் கொண்டுபோய் வைப்பதோ, அவர் பயன்படுத்தாத அழகான சொல்லை அவர் வாயில் வைப்பதோ கூடாது.

எழுதி முடித்ததை எழுத்தாளரிடம் காட்ட வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 1953இல் தொடங்கப்பட்ட 'தி பாரிஸ் ரிவ்யூ' தன் நேர்காணல்களை எழுத்தாளர்களே பார்த்துத் திருத்த இடம் தந்தது; 'லொலிதா' நாவலை எழுதிய விளாதிமிர் நபகோவ் ஒரு படி மேலே போய், கேள்விகளை முன்கூட்டியே எழுத்தில் பெற்று, பதில்களையும் எழுத்திலேயே கொடுத்தார். அத்தகைய பதில்களில் செறிவு இருக்கும். தேடும் குரல் இருக்காது. நான் காட்டுவதையே விரும்புகிறேன். குடும்பத்தாரையோ நண்பர்களையோ புண்படுத்தும் என்று அவர் கருதி நீக்கச் சொல்வதைத் தயங்காமல் நீக்கிவிட வேண்டும். தமக்கு அறியாமை இருந்ததாகவோ தோல்வி நேர்ந்ததாகவோ ஒப்புக்கொண்ட வரிகளை நீக்க விரும்பினால், அவ்வரிகள் இளம் எழுத்தாளர்களுக்கு எவ்வளவு துணையாக இருக்கும் என்று ஒருமுறை எடுத்துச் சொல்லலாம். பெரும்பாலும் இசைந்துவிடுகிறார்கள், இசையாவிட்டால், முடிவு அவருடையது.

கடைசியாக ஒன்று. ஒலிப்பதிவை நிறுத்தி, நன்றி சொல்லி எழுந்த பிறகு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போதுதான் பல எழுத்தாளர்கள் அந்த நாளின் மிக முக்கியமான ஒன்றைச் சொல்கிறார்கள். உடனே கருவியை மறுபடியும் இயக்கினால் அந்தப் பேச்சு கலைந்துவிடும். முழுவதையும் கேட்டுவிட்டு, தெருவுக்கு வந்ததும் நின்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, மறுநாள் தொலைபேசியில் அதைப் படித்துக் காட்டி, சேர்த்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள்.